48 வோல்ட்டுக்கு இந்தப் பக்கம்

இந்த மாதக் கேள்வி-பதில் முழுவதும் மின்சாரக் கார் பேட்டரிக்கே. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: கார் நன்றாக இருக்கிறது, பேட்டரிக்குத்தான் வயசாகிவிட்டது, வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: ஐயா, கார் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் வேலூர் போய்த் திரும்பினாலும் சார்ஜ் மிச்சமிருக்கும். இப்போது திரும்பி வரும்போது போளூரிலேயே மனசு படபடக்கிறது. பேட்டரி போய்விட்டதா? (செங்கம் சாலை, திருவண்ணாமலை)

பதில்: போய்விட்டதா என்று டாஷ்போர்டைக் கேட்காதீர்கள், மீட்டரைக் கேளுங்கள். மாடியில் குடித்தனம் இருப்பவர்களுக்கு வைப்போமே, அந்தச் சப்-மீட்டர் ஒன்றைக் கார் சார்ஜ் ஆகும் லைனில் மட்டும் போடச் சொல்லுங்கள். காரைப் பத்து சதவீதம் வரை ஓட்டிவிட்டு, ராத்திரி நூறு வரை ஏற்றுங்கள். உங்கள் பேட்டரி புதிதில் 30 யூனிட் என்றால், அந்தத் தொண்ணூறு சதவீதத்துக்கு 27 யூனிட் உள்ளே போக வேண்டும். சார்ஜரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் சப்-மீட்டர் 30, 31 காட்டும். காட்டினால் உங்கள் பேட்டரி நலம். 24-தான் காட்டுகிறது என்றால் உள்ளே போனது சுமார் 21. அதாவது புதிதில் இருந்ததில் 78 சதவீதம் மிச்சம்.

இரண்டு மூன்று முறை அளந்து பாருங்கள். இடையில் டயர் காற்றையும் பாருங்கள், ஏ.சி. எவ்வளவு ஓடுகிறது என்பதையும் பாருங்கள். இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அந்த வகை செல் பாதி தீர்ந்தாலும் வோல்டேஜ் அதிகம் இறங்காது. அதனால் காரின் கணக்கே நாளடைவில் தப்பிப்போகும். நாலைந்து முறை முழுசாக நூறு வரை ஏற்றி, அப்படியே சிறிது நேரம் சார்ஜரில் விட்டால், காணாமல் போன கிலோமீட்டரில் ஒரு பங்கு திரும்பி வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம், வாரண்டி. நெக்ஸான் போன்ற கார்களின் பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வருஷக் காரின் பேட்டரி மூடியில் நீங்கள் ஸ்பேனர் வைத்தால் மீதி மூன்று வருஷமும் போச்சு.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வீட்டிலேயே மாற்றலாமா, கூடாதா? (வேட்டவலம்)

பதில்: 48 வோல்ட் கார் என்றால் மாற்றலாம். 300 வோல்ட் கார் என்றால் கூடாது.

கேள்வி: 48 வோல்ட்டில் கார் இருக்கிறதா என்ன? (ஆரணி)

பதில்: இருந்தது, இன்னும் சில வீட்டு வாசல்களில் நிற்கிறது. பெங்களூரில் சேத்தன் மைனியின் நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த ரேவா. இரண்டு கதவு, பொம்மை மாதிரி உருவம். லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியதும் அதுதான். 2010-ல் மஹிந்திரா அந்த நிறுவனத்தை வாங்கியது. முன் சீட்டைத் தூக்கினால் கீழே எட்டு லெட்-ஆசிட் பேட்டரி, ஒவ்வொன்றும் 6 வோல்ட். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அண்ணன் தம்பி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி வாஸ்லின் தடவ வேண்டும், கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆனதும் எட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்தியாவில் மின்சாரக் காரின் பேட்டரியைச் சொந்த வாசலில், சொந்தக் கையால் மாற்றியவர்கள் என்றால் அவர்கள் பெரும்பாலும் ரேவாக்காரர்கள்தான். அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். தங்கள் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: நான் முப்பது வருஷ எலெக்ட்ரீஷியன். த்ரீ பேஸ் 440 வோல்ட்டில் தினமும் கை வைக்கிறேன். 320 வோல்ட் பேட்டரிக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? (தண்டராம்பட்டு)

பதில்: அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் நீங்கள் 440-ல் கை வைப்பதற்கு முன்னால் என்ன செய்வீர்கள்? மெயினை இறக்குவீர்கள், ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். பேட்டரிக்கு மெயின் கிடையாது. சர்வீஸ் பிளக் என்று ஒன்று உண்டு. அதைப் பிடுங்கினால் செல்களின் சங்கிலி நடுவில் அறுபடும், வெளியே வரும் ஆரஞ்சு நிற ஒயரில் மின்சாரம் நிற்கும். மூடியைத் திறந்த பிறகு உள்ளே ஒவ்வொரு செல்லும் உயிரோடுதான் இருக்கும்.

இரண்டாவது, இது டி.சி. நம் வீட்டு ஏ.சி. மின்சாரம் ஒரு விநாடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போகிறது. அதனால் பொறி எழுந்தாலும் தானாக அணைய இடம் கிடைக்கிறது. டி.சி.க்கு அந்த இடைவெளியே இல்லை. 300 வோல்ட்டில் பொறி பற்றினால் வெல்டிங் ராடு மாதிரி நின்று எரியும். ஐ.நா.வின் வாகன விதி எண் 100, டி.சி.யில் 60 வோல்ட்டைத் தாண்டியதைத்தான் உயர் வோல்டேஜ் என்று வகுக்கிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ரேவா. அந்தப் பக்கம் இன்று ஷோரூமில் நிற்கும் ஏறக்குறைய எல்லா மின்சாரக் காரும்.

உங்களுக்கு இந்த வேலையில் ஆசை இருந்தால் உயர் வோல்டேஜ் பயிற்சி எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்த மாவட்டத்துக்கு உங்களைப் போன்ற பத்துப் பேர் தேவை. வீட்டு வாசலில் தனியாகக் கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது.

கேள்வி: அப்படியானால் 48 வோல்ட்டில் ஆபத்தே இல்லையா? (கீழ்பென்னாத்தூர்)

பதில்: ஷாக் அடிக்காது என்பதுதான் 48 வோல்ட்டின் பொய்முகம். சுடும். பல வருஷம் முன்னால் ஒரு ரேவாவில் ஐந்தாவது பேட்டரியின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர், பிடியில் டேப் சுற்றவில்லை. அதன் வால் பக்கத்துப் பேட்டரியின் டெர்மினலில் உரசியது. ஒரு சத்தம், ஒரு நீல வெளிச்சம். ஸ்பேனர் ஒட்டிக்கொண்டது. அதன் வாயில் அரை நெல் அளவுக்கு உலோகம் உருகி வழிந்து போயிருந்தது. அது என் மோதிரமாக இருந்திருந்தால் விரல் போயிருக்கும். அந்த ஸ்பேனரை இன்றும் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன். வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், கழுத்துச் செயின் எல்லாம் கழற்றி வீட்டுக்குள். ஸ்பேனரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப். கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு கிண்ணம் சமையல் சோடா. ஆசிட் தரையில் சிந்தினால் சோடாவைத் தூவுங்கள், நுரை அடங்கியதும் கழுவுங்கள். இன்னொன்று, லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியே வரும். கார்த்திகை மாதம் முழுக்க வாசலில் அகல் வரிசை வைக்கிற ஊர் நம்முடையது. சார்ஜ் ஆகும் காருக்குப் பக்கத்தில் விளக்கு வேண்டாம். அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் ஏற்றுங்கள்.

கேள்வி: ரேவாவில் லித்தியம் போட்டுக்கொள்ளலாமா? (ரமண நகர்)

பதில்: போட்டவர்கள் இருக்கிறார்கள். இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட். பதினாறு செல்லை வரிசையாகக் கோத்தால் 51.2 வோல்ட், ரேவாவுக்குப் பொருந்தும். கால் டன்னைத் தொடும் ஈயத்துக்குப் பதிலாக நூறு கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆனால் செல்லை வாங்குவதோடு வேலை முடியாது. ஈயப் பேட்டரிக்கான சார்ஜர் லித்தியத்துக்கு ஆகாது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே காவல் காக்கும் பி.எம்.எஸ். வேண்டும். எந்த ஒரு செல்லும் 3.65 வோல்ட்டைத் தாண்டினாலும், 2.5-க்குக் கீழே இறங்கினாலும் அது காண்டாக்டரைத் திறந்து மின்சாரத்தை அறுத்துவிட வேண்டும். செல்கள் லேசாக உப்பும் என்பதால் இருபுறமும் பலகை வைத்து இறுக்க வேண்டும். பஸ்பார் நட்டை டார்க் ரெஞ்சால் அளந்து முறுக்க வேண்டும். தளர்ந்த நட்டு சூடாகும், சூடான நட்டு தீயாகும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே வகை பேட்டரியை அதே இடத்தில் வைப்பது வேறு, வகையையே மாற்றுவது வேறு. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் ஒன்றுதான் வரும்.

கேள்வி: ஐயா, என்னட்டை 2014-ஆம் ஆண்டு நிசான் லீஃப் ஒண்டு நிக்குது. பன்னிரண்டு கோட்டிலை ஆறுதான் மிச்சம். பழைய மாட்யூல் போட்டு மாத்தித் தரலாம் எண்டு கொழும்பிலை சொல்லினம். மாத்தலாமோ? (யாழ்ப்பாணம்)

பதில்: இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். தமிழர் வாழும் ஊர்களில் பழைய மின்சாரக் காரோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் இலங்கைக்காரர்கள்தான். 2015-ஐ ஒட்டி ஆயிரக்கணக்கான லீஃப் அங்கே இறங்கியது, பலவும் வேறு நாட்டில் ஓடித் தேய்ந்தவை.

லீஃப் பேட்டரிக்குக் காற்று ஊதியோ, தண்ணீர் ஓடவிட்டோ குளிர்விக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. 2012-ல் அமெரிக்காவின் அரிசோனாவில், பாலைவன வெயிலில் ஓடிய லீஃப்களில் பேட்டரியின் மிச்ச பலத்தை டாஷ்போர்டில் காட்டும் கோடுகள் மளமளவென்று மறைந்து, வழக்கு வரைக்கும் போனது. அதற்குப் பிறகுதான் வெயில் தாங்கும் செல்லைக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் கோடுகள் குறைவது இயல்புதான்.

இனி மாட்யூலுக்கு வருவோம். உங்கள் 24 யூனிட் பேட்டரிக்குள் 48 மாட்யூல், ஒவ்வொன்றிலும் நான்கு செல், மொத்தம் 192. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து 96 ஜோடிகள் வரிசையாக நிற்கின்றன. வடம் பிடித்துத் தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தள்ளாடினால் எல்லோரும் அவர் வேகத்துக்குத்தான் நடக்க வேண்டும். மெலிந்த ஜோடி காலியானதும் மற்ற 95-லும் மின்சாரம் மிச்சமிருந்தாலும் கார் நின்றுவிடும். அதனால் கெட்ட இரண்டு மூன்று மாட்யூலை மட்டும் மாற்றினாலே கார் நன்றாக ஓடிய கதைகள் உண்மைதான். ஆனால் உங்களுக்கு ஆறு கோடு போய்விட்டது என்றால் எல்லா மாட்யூலுமே ஒன்றாகத் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது இரண்டை மாற்றிப் பயனில்லை.

போவதற்கு முன் லீஃப் ஸ்பை என்ற செயலியையும் ஒரு ஓ.பி.டி. கருவியையும் வைத்து 96 ஜோடிகளின் வோல்டேஜையும் நீங்களே பாருங்கள். காரை மேட்டில் ஏற்றிக்கொண்டே பார்த்தால் எது தலைகுனிகிறது என்று தெரியும். பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள். போடப்போகும் ஒவ்வொரு மாட்யூலும் எத்தனை ஆம்பியர்-அவர் தாங்கும் என்று அளந்த சீட்டு இருக்கிறதா? உள் மின்தடை அளந்தீர்களா? மூடிய பிறகு மெகர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பீர்களா? மூன்றுக்கும் சீட்டு காட்டினால் கொடுங்கள். "நல்லதுதான் போடுறம்" என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். முழுப் பேட்டரியையே வேறு லீஃபிலிருந்து எடுத்து மாற்றுவதாகச் சொன்னால், அந்தப் பேட்டரியின் கம்ப்யூட்டரை உங்கள் காருக்கு அறிமுகப்படுத்தி வைக்கும் கருவி அவர்களிடம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி ஏறிவிடும், கார் அதை ஏற்காது.

கேள்வி: கார் ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே படுத்துக் கழற்றினால்? (செய்யாறு)

பதில்: வேண்டவே வேண்டாம். அது 300 கிலோவை ஒட்டிய பெட்டி. உங்கள் நெஞ்சுக்கு நேர் மேலே.

கேள்வி: ரப்பர் செருப்பும் சமையலறைக் கையுறையும் போதாதா? (கலசபாக்கம்)

பதில்: போதாது. 1,000 வோல்ட் தாங்கும் என்று முத்திரை குத்திய கையுறை தனி. போடுவதற்கு முன் வாயை முறுக்கிக் காற்றடைத்து, ஊசித் துளை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். அதற்கு மேல் தோல் கையுறை.

கேள்வி: எங்கள் ஊரில் நடந்ததை நினைத்தால் வீட்டில் ஸ்கூட்டர் சார்ஜ் போடவே கை நடுங்குகிறது. (வேலூர்)

பதில்: அம்மா, 2022 மார்ச்சில் உங்கள் ஊரில் ஒரு வீட்டில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்தச் செய்தியை நான் மறக்கவில்லை, யாரும் மறக்கக் கூடாது. அந்த வருஷம் வரிசையாக நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியை மத்திய அரசு இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பயத்தை இப்படிப் பயன்படுத்துங்கள். வீட்டை விட்டு வெளியேற இருக்கும் ஒரே வழியில் எந்த லித்தியம் வண்டியையும் சார்ஜ் போடாதீர்கள். வாசல்படி, மாடிப்படியின் அடி, தாழ்வாரம், எதுவும் வேண்டாம். நம் தெருவீடுகள் நீளமாக உள்ளே போகும், முன்வாசல் ஒன்றுதான். அங்கே புகை நிரம்பினால் உள்ளே இருப்பவர்களுக்குப் போக்கிடமில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். வண்டி கீழே விழுந்திருந்தாலோ, வெள்ளத்தில் நின்றிருந்தாலோ பரிசோதிக்காமல் சார்ஜ் போடாதீர்கள். சீறல் சத்தமோ, நெயில் பாலிஷ் மாதிரி இனித்த வாடையோ வந்தால் பிளக்கைப் பிடுங்க ஓடாதீர்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியே ஓடுங்கள், 101-ஐ அழையுங்கள்.

கேள்வி: இந்தப் பேட்டரியில் நம்மவர் பங்கு ஏதாவது உண்டா? (பள்ளி ஆசிரியை, போளூர்)

பதில்: பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். தென் தமிழகத்தில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். 1980-களில் ஜான் குட்இனஃபோடு சேர்ந்து, சல்பேட் போன்ற தொகுதியைச் சேர்த்தால் இரும்பு போன்ற மலிவான உலோகத்திலும் வோல்டேஜ் கூடும் என்று காட்டினார். அந்தத் தடத்தில்தான் 1997-ல் குட்இனஃபின் ஆய்வகத்திலிருந்து இரும்பு பாஸ்பேட் வந்தது. இன்று நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இருப்பது அதுதான். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் நாட்டின் பேட்டரி ஆராய்ச்சிக்கு அது தாய்வீடு.

கேள்வி: முழு பேட்டரியும் மாற்ற வேண்டும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நியாயமா? (அவலூர்பேட்டை சாலை)

பதில்: என் மைத்துனர் காருக்கும் அப்படித்தான் ஒரு சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பேட்டரி பேக்கையே மாற்ற வேண்டும் என்றார்கள். ஒத்துக்கொள்ளாமல் பயிற்சி பெற்றவர்கள் உள்ள வேறு ஊருக்கு எடுத்துப் போனோம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மூடியைத் தூக்கி, செல்களைத் தொடாமல், வோல்டேஜ் அளக்கும் மெல்லிய ஒயர் ஒன்றை டார்ச் அடித்துக் காட்டினார் அங்கே வேலை பார்த்த ஒரு பெண். ஒயர் நுனியில் மிளகளவு பச்சைக் களிம்பு. மூடியின் ரப்பர் ஓரம் கசிந்து மழை ஈரம் இறங்கியிருக்கிறது. ஒயரை மாற்றி, ரப்பரை மாற்றி, காற்றழுத்தம் வைத்துக் கசிவு பார்த்து மூடினார்கள். அந்தக் கார் இன்றும் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதைக்கு ஆள் ஏற்றி வருகிறது.

உலகச் சராசரியில் ஒரு யூனிட் பேட்டரியின் விலை 2010-ல் 1,000 டாலருக்கு மேல் இருந்தது. புளூம்பெர்க் கணக்கில் 2024-ல் அது 115 டாலர். இறங்கிய விலை பழைய காருக்கு வந்து சேரவில்லை. மின்சாரக் கார் வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதே காருக்குப் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18. புதிது வாங்கு, பழையதைக் காப்பாற்றாதே என்று சொல்வது போல இருக்கிறது இது. மாட்யூலைத் தனியாக விற்க வேண்டும், செல்வாரியான அளவைக் கார்க்காரர் கேட்டால் தாளில் கொடுக்க வேண்டும். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது. அங்கே எழுதுங்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கழற்றிய பழைய பேட்டரி? (தேரடி வீதி)

பதில்: பழைய இரும்புக் கடைக்கு மட்டும் வேண்டாம். கொல்லைப்புறத்தில் ஈயம் உருக்கினால் அந்தத் தெருப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு விற்ற நிறுவனத்துக்கே உண்டு. கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

கேள்வி: நம்ம வெயிலுக்கு என்ன செய்வது? (மத்தலாங்குளத் தெரு)

பதில்: வேப்பமரத்து நிழல். ஓட்டி வந்த சூடு ஆறிய பிறகு, நடுராத்திரியில் சார்ஜ். நூறு ஏற்றிவிட்டு நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் பழைய ரேவா இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேட்டரியும் மாற்றப்போகிறேன். பத்தாவது படிக்கும் மகன் கூட நிற்பேன் என்கிறான். விடலாமா அண்ணே? (வட ஒத்தவாடை தெரு)

பதில்: தாராளமாக விடுங்கள் தங்கச்சி. வெள்ளிக் காப்பையும் அரைஞாணையும் கழற்றச் சொல்லுங்கள், கண்ணாடி போடச் சொல்லுங்கள், ஸ்பேனரை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுமுன் அவன் போனில் நான்கு பக்கமும் படம் எடுக்கட்டும். சாக்பீஸால் ஒவ்வொரு பேட்டரி மேலும் ஒன்று முதல் எட்டு வரை எழுதட்டும். முதலில் மைனஸ் கடைசி இணைப்பு, அடுத்து நடுவில் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே உள்ள இணைப்பு. சங்கிலி இரண்டு 24-ஆகப் பிரிந்துவிடும். பிறகு மல்டிமீட்டரை அவன் கையில் கொடுங்கள். நல்ல பேட்டரி 6.3-க்கு மேல் காட்டும். எங்காவது நாலேகால் வந்தால் உள்ளே ஒரு செல் செத்துவிட்டது என்று அவனே கண்டுபிடிப்பான். அந்த எட்டு எண்ணையும் ஒரு தபால் அட்டையில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.